தண்ணி குடிக்கிற இடம்

முதல் காட்சி கொக்குவிலில், ஒரு ரியூசன் கொட்டில்.
பதினேழு பேர். அதில் நாலு பேர்
எனக்கு லீசிங் காசு கட்ட வேண்டியவர்கள்.
பகலில் நான் ஸ்டான்லி வீதிக் கந்தோரில்
ஓட்டோத் தவணைகளுக்குப் பின்னால் திரிகிறவள்.
அந்த நாலு பேரும்தான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தது.
மற்றப் பதின்மூன்று பேருக்கும்
ஆர் இவள், ஆற்றை பெட்டை என்று
கண்ணால் விசாரித்து முடிக்கவே நேரம் சரி.

"பொம்பிளைப்பிள்ளை பகிடி விடுறதோ?"
வாடகையை எண்ணிக்கொண்டே கேட்டார் கொட்டில்காரர்.
எண்ணி முடிந்ததும், "சரி, விடட்டுமன்" என்றார்.
அதை அப்படியே இரண்டாம் காட்சியில் சேர்த்தேன்.
முன்வாங்கில் இருந்து அவரும் சிரித்தார்
வேறு ஆரையோ சொல்கிறாள் என்று.

பகிடிக்குப் பக்கத்தில் வதையை வைத்து
ஒரே சொல்லாக்கிப் புழங்குகிற சனம் நாங்கள்.

எழுதுவது சீஆர் கொப்பியில்.
இடப்பக்கம் நான் சொல்வது,
வலப்பக்கம் அவர்கள் எங்கே சிரிப்பார்கள் என்பது.
வலப்பக்கம் ஒரு நாளும் சரிவந்ததில்லை.
சாவகச்சேரியில் கூரை பறந்த வசனம்
பருத்தித்துறையில் வெறும் இருமல்.
நல்லூரில் ஒருவர் எழும்பி நின்று
"தங்கச்சி, உது உண்மையோ?" என்றார்.
பொய் என்றேன்.
ஆறுதலாய் இருந்து, பிறகு சிரித்தார்.

ஸ்காபரோவில் நானூறு பேர்.
நான் பகிடிக்குக் கிட்டப் போக முன்னமே சிரித்தார்கள்.
மண்ணெண்ணெய் என்றேன், கைதட்டினார்கள்.
சைக்கிள் டைனமோ என்றேன், ஒராள் அழுதார்.
சொல்லாத பகிடி ஏழையும்
குளிர்ச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.
அந்தக் காசில் ஒரு மைக்.
மிச்சத்தில் அம்மாவுக்குப் பல்லுக் கட்டினது.
அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு
ஒரு காட்சிக்கும் அவ வந்ததில்லை.

எல்லாக் கொப்பியிலும் நாற்பதாம் நிமிசத்தில்
"தண்ணி" என்று ஒரு சொல் இருக்கும்.
போத்தலைத் திறந்து மூன்று மிடறு.
தொண்டை காய்ந்திட்டுது பிள்ளைக்கு என்று சனம் நினைக்கும்.
அந்த இடத்துக்கு உரிய பகிடி இது:

கச்சேரியில் வருசா வருசம் ஒரு படிவம்.
அண்ணன்ரை பெயர். கடைசியாய்க் கண்ட திகதி.
கண்டபோது போட்டிருந்த சேட்டின் நிறம்.
அதுக்குக் கீழே, அவரது தற்போதைய தொலைபேசி இலக்கம்.
கோடு சும்மா கிடக்கக்கூடாது என்று
அம்மா வீட்டு நம்பரை எழுதினா.
மூன்று மாதத்தால் ஒரு கோல்:
"கோகுலறஞ்சன் கதைக்கிறாரோ?"
அம்மா சொன்னா, "வெளியிலை போட்டான், வந்திடுவான்."

எட்டு வருசம் அதுக்கு மேலே தண்ணி குடித்தேன்.

போன ஆவணி, குருநகர்.
முப்பத்தெட்டாம் நிமிசம் கரண்ட் நின்றது.
மைக் செத்தது, ஃபான் ஓய்ந்தது,
கடல் மணம் உள்ளே வந்து இருந்தது.
தடவினேன். போத்தலைக் காணவில்லை.
வாய் சும்மா இருக்கப் பயந்து
சொல்லிவிட்டேன்.

ஒரு சத்தமில்லை.
ஒரு கதிரை மட்டும் கிரீச்சிட்டது.
பிறகு இடப்பக்கத்து இருட்டுக்குள் இருந்து ஒரு பெண்குரல்,
சந்தையில் விலை சொல்கிற மாதிரி:
"நாங்கள் குளிக்கிறான் எண்டு சொன்னனாங்கள்."

அதற்கு வந்த சிரிப்பு,
அப்படி ஒன்றை நான் எழுதி எடுத்ததே இல்லை.
நீளமாய், வெட்கமில்லாமல்,
இடையில் ஆரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு
திரும்பவும் சிரித்தார்கள்.

வெளிச்சம் வந்தபோது
எல்லோரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.
போத்தல் என் காலடியில்தான் கிடந்தது.
நாற்பத்தோராம் நிமிசத்தில் இருந்து தொடங்கினேன்.

அடுத்த நாள் திங்கள்.
ஏழு ஓட்டோ தவணை தவறியிருந்தது.
முதல் நம்பருக்கு அடித்தேன்.
"அவர் வெளியிலை போட்டார்" என்றது ஒரு பெண்குரல்.
சரி என்று வைத்தேன்.